சேகர் அண்ணன் சத்தமாகச் சொன்னது

சேகர் அண்ணன் இறந்த செய்தி எனக்கு கிளினிக்கில்தான் வந்தது. முடிச்சூரில் இருக்கும் அந்த கிளினிக்கில் நான் டோக்கன் கொடுக்கிறேன். அவர் மனைவி மாலதி அக்கா போனில் அழவில்லை. "உங்க அண்ணன் இனிமே வரமாட்டாருடீ" என்று மட்டும் சொன்னார். கையிலிருந்த டோக்கனை யாருக்குக் கொடுக்க எடுத்தேன் என்பதே மறந்துபோய் நின்றேன்.

எங்கள் தெருவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. அரபு நாட்டில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். அவர் ஊருக்கு வந்தால் பெட்டி பிரிப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடும். சென்ட், பேரீச்சம்பழம், தைலம் என்று ஒருவரையும் விடாமல் கொடுப்பார். நான் கேட்கக் கூச்சப்பட்டுக் கதவோரம் நிற்பேன். "வாயில இன்னா, கொழுக்கட்டையா?" என்று கிண்டல் செய்துகொண்டே, எனக்கென்று எடுத்து வைத்ததை நீட்டுவார்.

இந்த முறை பெட்டியைப் பிரிக்கவில்லை. இருமிக்கொண்டே வந்து இறங்கியவர், யாரையும் கிட்டே விடாமல் மொட்டை மாடி அறைக்குப் போய்விட்டார். அவர் அரபு நாட்டில் இருந்தபோது பிறந்த மகளைக்கூடத் தூக்கவில்லை. மாலதி அக்கா கீழே நின்று குழந்தையை உயர்த்திக் காட்ட, மேலிருந்து பார்த்தார். வெளிநாட்டுக் காசு வந்தால் திமிரும் வரும் என்று தண்ணீர் லாரியடியில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். படியேறாமல் வெளியிலேயே நின்றார். டாக்டர் எட்டிப் பார்த்து, வைரல் காய்ச்சல்தான், மாத்திரை போதும் என்றார். பெஞ்சில் எங்கள் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சார், நான் சூப்பர்வைசர் இல்ல. ஒட்டகக் கொட்டகையில சாணி அள்றேன். ஒட்டகத்துகிட்ட இருந்து வர்ற காய்ச்சல்னு சொன்னாங்க, என்கூட வேலை செஞ்சவன் மூச்சு விட முடியாம செத்துட்டான். எனக்கும் அதுவா இருந்தா? வூட்ல கைக்குழந்தை கீது சார்."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். அதுவும் ஒரு வகை கொரோனாதான், ஆனால் நம் ஊரில் இல்லாதது, அவர் வேலையைச் சொல்லாவிட்டால் தனக்குத் தோன்றியே இருக்காது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஆம்புலன்சில் ஏறும்முன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். பெஞ்சைக் கண்ணால் காட்டி, "இப்ப அவங்க வாயிலதான் கொழுக்கட்டை" என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்துப் பரிசோதித்தார்கள். அவர் பயந்த அதே காய்ச்சல்தான். மாலதி அக்காவையும் குழந்தையையும் தனியே வைத்துக் கவனித்தார்கள். இருவருக்கும் வரவில்லை. அண்ணன்தான் திரும்பவில்லை. பெட்டி இன்னும் மாடியில் கட்டியபடியே இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. இருமலோடு யார் வந்தாலும் எழுந்து வாசலுக்குப் போகிறேன். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், அங்கே என்ன வேலை என்று கேட்கிறேன். பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் கேட்கிறேன். அவர்களும் மெதுவாகச் சொன்னால் போதும்.