டயருக்குள் ஊற்றிய பால்

டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்கு ஏன் மாறவில்லை என்று கேட்பவர்களிடம், பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லி வாயை அடைத்துவிடுகிறேன்.

கோப்பெங் சாலையில் செம்பனை முள் குத்தி என் ரேஸ் சைக்கிள் அடிக்கடி பஞ்சராகும். "டியூப்லெஸ் போடுலா மச்சான், ஓட்டைய அதுவே அடைச்சுக்கும்" என்று கூட ஓட்டும் நண்பன் நச்சரித்தான். ஓட்டிப் பார்க்கச் சொல்லித் தன் பழைய சக்கரத்தையும், டயருக்குள் ஊற்றும் திரவத்தையும் கொடுத்தான்.

ஈப்போ வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஊற்றினேன். ரப்பர் பால்தான் அது. உறையாமலிருக்க அம்மோனியா கலந்தது. கைப்பம்பில் காற்றடித்ததும் டயர் விளிம்பு விலகி, பால் தரையெங்கும் தெறித்தது. ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

வாடைக்கும் சத்தத்துக்கும் அம்மா அறையிலிருந்து வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் சேகரித்தவர். இப்போது பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. தரையைப் பார்த்ததும் சட்டென்று குந்தி, கட்டியிருந்த கைலியாலேயே துடைக்க ஆரம்பித்தார்.

"தெரியாம கொட்டிட்டேங்க கிராணியய்யா" என்றார் என்னிடம். கிராணி, தோட்டத்தில் பாலை நிறுத்து வாங்கும் அதிகாரி. "பிள்ளைங்க முன்னால மட்டும் ஏசாதீங்க."

"ஏசலம்மா, எந்திரிங்க" என்றேன்.

எந்தக் கிராணியும் அப்படிப் பேசியதில்லை போலிருக்கிறது. அம்மா துடைப்பதை நிறுத்தவே இல்லை.