பெட்டரி பிளேட்டும் பீலித் தண்ணீரும்

பெட்டரியைத் தூக்கிப் பார்த்துவிட்டு "என்ன கனம்" என்பவர்கள் நிறைய உண்டு; அந்தக் கனத்தைச் செய்கிறவன் எதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஈயத்தை உருக்கிச் சட்டம் வார்ப்பவர்களே, சட்டத்தில் மாவு பூசுகிறவர்களே, முகமூடிக்குள் தும்மிவிட்டு முழிப்பவர்களே, இது உங்களுக்காக. மாவு என்றால் ஈயப் பொடியில் அசிட்டும் தண்ணீரும் விட்டுக் குழைத்த பசை. மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு சின்னக் கம்பனியில் ஆறு வருடமாக நான் பூசிக்கொண்டிருப்பது அதைத்தான்.

பையில் இருந்த வெற்றிலை

எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்து, ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். போன தடவை மற்றவர்களுக்கெல்லாம் பரவாயில்லை, எனக்கு மட்டும் ஏகத்துக்கு ஏறியிருந்தது. நான் முகமூடியைக் குறை சொன்னேன், காற்றாடியைக் குறை சொன்னேன். சுப்பர்வைசர் ரிஸ்வான் நானா என் மேலுடுப்புப் பையைக் காட்டச் சொன்னார். வெற்றிலைச் சுருள் வெளியே வந்தது. மாவு பூசிய அதே விரலால் சுண்ணாம்பு தடவி, ஒரு நாளைக்கு நாலு தரம் கக்கூசுக்குள் ஒளிந்து நின்று மென்றிருக்கிறேன். நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டாலும் என்னைவிடப் பத்து வயது இளையவர் அவர். திட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அன்றைக்கே என்னை டொக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். டொக்டரம்மா சிங்களத்தில் முதலில் கேட்டது, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்பது. இரண்டு வயதில் மகள் இருக்கிறாள் என்றேன். தகப்பனின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டி வருகிற தூசே பிள்ளையின் மூளையைக் கெடுக்கப் போதும், அவளுடைய இரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார். வெளியே வந்து, பெற்ற பிள்ளைக்கு நானே விஷம் வைத்துவிட்டேனே என்று நான் புலம்ப, நானா சொன்னார்: "அழுறதுக்கு முந்தி, மத்தப் பையில இரிக்கிறதயும் எடுத்துத் தாங்க அண்ணே."

தேயிலைக்காரர் திறந்த கதவு

மகளின் இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வர இரண்டு கிழமை, பதினாலு நாள், ஆகும் என்றார்கள். இரத்தம் எடுக்கப் போன அன்று, என் பொறுப்பில் இருந்த புழுக்க அறையைச் செல்வராஜ் அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனேன். மாவு பூசிய பிளேட்டுகளை ஈரமும் சூடுமான அந்த அறையில் மூன்று நாள் பூட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் மாவு சட்டத்தைக் கெட்டியாகப் பிடிக்கும். செல்வராஜ் அண்ணன் எங்களிடம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் இருபத்தைந்து வருடம் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்தைப் புளிக்க வைத்தவர். கொஞ்சம் நேரம் தப்பினாலும் கொழுந்து கெட்டுவிடும் என்பது அவர் படித்த பாடம். கதவு இடுக்கில் வந்த வாசத்தை மோந்து பார்த்திருக்கிறார், சரக்கு கெட்டுப்போகிறது என்று முடிவு கட்டியிருக்கிறார், கதவை விரியத் திறந்து இரண்டு காற்றாடியையும் போட்டுவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது மாவெல்லாம் சுருக்கெனக் காய்ந்து வெடித்து, தட்டினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அத்தனையும் வீண். அவரிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போகாதது என் பிழை. என் புத்தி அன்று காலையிலிருந்தே மகளின் கையில் குத்தப் போகிற ஊசியில் இருந்தது. ரிஸ்வான் நானா எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, கதவுக்குப் பூட்டுப் போடாதது தன் குற்றம் என்று முதலாளியிடம் சொன்னார். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. உதிர்ந்து கிடந்த மாவைக் காட்டிச் செல்வராஜ் அண்ணன் சொன்னார்: "கொழுந்த மூணு நாளு பூட்டி வச்சேன்னு எங்க தொரைகிட்ட சொல்லியிருந்தா, என்னையத்தான் உள்ள போட்டுப் பூட்டியிருப்பாரு."

கலேவெல ஹாஜியார் கண்ட துரு

இரண்டாவது கிழமையும் நடந்துகொண்டிருந்தது, முடிவு வரவில்லை. கலேவெலயிலிருந்து ஒரு ஹாஜியார் வேனில் வந்து இறங்கினார். உழவு டிரக்டர் சாமான் கடைக்காரர். பழைய பெட்டரிக்குப் புதுப் பிளேட் மாற்றிக் கொடுக்கும் வேலையை அப்போதுதான் தொடங்கியிருந்தார். நாங்கள் அனுப்பியதில் பாதி துருப்பிடித்த சாமான் என்பது அவருடைய புகார். கரண்ட் ஏற்றி முடித்த பிளேட்டுகளில் ஒரு பாதி சாம்பல் நிறமாகவும், மறு பாதி சொக்லட் நிறமாகவும் இருக்கும். சொக்லட் நிறம் போய்விட்டால் அந்த பிளேட் குப்பைக்குத்தான். மனுசர் அதைத் துரு என்று நினைத்து, கடைவாசலில் உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து எடுத்திருந்தார்.

வேறு நாளாக இருந்தால் உள்ளே ஓடிப்போய் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்றைக்கு அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த தூசுதான் கண்ணில் பட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் என்றார். போனதும் குளியுங்கள், இந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், கடைவாசலைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஏன் இப்படிப் பதறுகிறீர்கள் என்று அவர் கேட்க, மகளைப் பற்றிச் சொன்னேன். சண்டை பிடிக்க வந்த மனிதர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "மகளுக்கு நான் துஆ கேக்கிறன். நீங்க எனக்குத் துருவோட இரிக்கிற பிளேட்டே இன்னொரு செட் தாங்க."

பீலியடிக் குளியல்

யட்டவத்தைக்கு மேலே, தோட்டத்து லய வரிசையில் எங்கள் வீடு. லயத்துக்குக் கொஞ்சம் கீழே மலைத் தண்ணீர் விழுகிற பீலி. கம்பனியிலேயே குளித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது கம்பனிச் சட்டம். ஐந்து மணி பஸ்ஸை விடக் கூடாது என்பது என் சட்டம். மகள் பிறந்த பிறகு ஒரு நாள், என் காது மடிப்பில் சாம்பல் கோடு கிடப்பதை என் மனைவி ராணி பார்த்துவிட்டாள். அடுத்த நாளிலிருந்து பீலிக் கல்லில் சவுக்காரமும் மாற்றிக் கட்டச் சாரமும் காத்திருக்கும். குளித்து, உடுப்பை அங்கேயே அலசிப் போட்ட பிறகுதான் எனக்கு வாசல்படி. மழையானாலும் பனியானாலும் அதுதான். அதை அவளுடைய வெறும் பிடிவாதமாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள்தான் அப்படிக் குளித்துவிட்டு உள்ளே நுழைவார்கள். பீலியடியில் நிற்கும் பெண்கள், இன்றைக்கு யார் செத்தது என்று தினமும் என்னைக் கேட்பார்கள். மானம் போகிறது என்று ராணியோடு எத்தனையோ தரம் சண்டை போட்டிருக்கிறேன், ஒரு தடவை இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அவள் அசையவில்லை. குளிக்கும்வரை பிள்ளையையும் என் கண்ணில் காட்டவில்லை.

முடிவு வந்த அன்று மூன்று பேருமாகப் போனோம். டொக்டரம்மா தாளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். பிள்ளைக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கப்படவில்லை. தகப்பனுக்கு இவ்வளவு ஏறியிருக்கும்போது பிள்ளையை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று டொக்டரம்மா ராணியிடம் கேட்டார். அவளுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. அவள் தமிழில் சொல்ல, இரண்டு வருடம் நான் எதற்காகச் சண்டை போட்டேனோ அதை என் வாயாலேயே சிங்களத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சொன்னது இது: "சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்காம உள்ள விடமாட்டோம்ங்க. இவரு உசுரோட வர்றாருங்கிறதுக்காக சும்மா விட்டுற முடியுமா?"

ஈயத்தில் பிழைக்கிறவனுக்கு, அவனை ஒரு நாளும் நம்பாத ஒரு சுப்பர்வைசரும் ஒரு மனைவியும் வாய்ப்பதைவிட நல்ல பாதுகாப்புச் சாமான் இன்னும் எந்தக் கடைக்கும் வந்து சேரவில்லை.