மீன் எண்ணெய்ப் பீப்பாய்

கல்யாணச் சமையல்காரர் பவுல்ராஜிடம் உப்புப் போதுமா என்று கேட்டால்கூடப் பேச்சு பர்பன் என்ற அமெரிக்கச் சாராயத்தில் போய்த்தான் நிற்கும். நாகல் நகருக்கே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

யுத்த காலத்தில் கல்கத்தாவில் அமெரிக்கப் பட்டாளத்துக்குச் சமைத்தவர் அவர். ஊருக்குக் கிளம்பிய அன்று ஒரு அதிகாரி அந்தச் சாராயத்தில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார். உள்ளே தீயில் கருக்கிய ஓக் பீப்பாயில் பன்னிரண்டு வருஷம் கிடந்து, பிறகு திராட்சை ரசம் இருந்த பீப்பாய்க்கு மாறியதாம்.

"முதல்ல தேனு. அப்புறம் கருகுன கட்டை வாசம். உள்ள எறங்குனதும் கிராம்பு."

"அம்புட்டையும் நீங்க மட்டும் ருசி பாத்துட்டு வந்துட்டீங்க. எனக்கு ஒரு வாய் வேணாமா?" என்பாள் மனைவி ஆனந்தமேரி.

மதுவிலக்குக் காலத்தில் அதற்கு எங்கே போவது? ஆனாலும் மேரி சும்மா இருக்கவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த மைதீன் பிச்சையிடம் கேட்டு ஒரு பழைய ஓக் பீப்பாய் வாங்கினாள். தோலுக்குப் பூசும் மீன் எண்ணெய் வந்த பீப்பாய் அது. தணலைக் கொட்டிக் கருக்கினால் வாடை போய்விடும் என்று புருஷனும் பெண்டாட்டியும் நம்பினார்கள். கிறிஸ்துமஸுக்குப் போட்ட ஒயின் முழுவதும் அதற்குள் போனது.

பண்டிகையன்று திறந்தால் வீடெல்லாம் கருவாட்டு நாற்றம். பவுல்ராஜ் ஒரு மிடறு குடித்துத் துப்பிவிட்டார். மேரி மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு தம்ளரையும் குடித்தாள். "இதானா உங்க அமெரிக்கா?" என்று சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு பவுல்ராஜ் பர்பனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சில வருஷம் கழித்துப் பட்டாளத்துச் சிநேகிதன் ராயப்பராஜ் பம்பாயிலிருந்து வந்தான். கப்பல்காரனிடம் வாங்கிய அதே சரக்கை இருமல் மருந்துப் பாட்டிலில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தான். பவுல்ராஜ் அதைத் திறக்கவில்லை. செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைக்கும் கல்லறைத் திருநாள் வரட்டும் என்று வைத்திருந்தார்.

அன்று மேரியின் கல்லறைத் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, மண்ணில் பாதியை ஊற்றினார்.

"இந்தா மேரி, நீ கேட்ட வாய்."

மீதியைத் தன் வாயில் விட்டுக்கொண்டார். தேன் வந்தது. கருகிய கட்டை வந்தது. கிராம்பும் வந்தது. இத்தனை காலம் ஊரிடம் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனாலும் அவர் நாக்கு எதையோ தேடியது. கண் நிறைந்துவிட்டது.

"எல்லாம் இருக்கு மேரி," என்றார். "அந்த மீன் வாடைதான் இல்ல."