மூக்கெதிரே ஒரு கொத்து ஆட்டு மயிர்

என் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தே அவள் மனசில் ஓடுவதை அப்படியே சொல்லிவிடுவேன். ஆம்பூர் முழுக்கத் தேடினாலும் என்னைப்போல ஒரு புருஷன் கிடைக்கமாட்டான்.

பொய். முதல் பிள்ளை பிறந்து பதினைந்து நாள் அவள் தூங்கவே இல்லை. பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அது உறைக்கவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். என் குறட்டைக்கு ஜோலார்பேட்டை இஞ்சின் பதில் ஊதும் என்பார்கள். அது மட்டும் உண்மை.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. தோல் கட்டுகளின்மேல் மார்க்கு போட்டுப் போட்டு எழுத்துப் பழகினவன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், கோபம் நேராக இருக்கும். அன்று பிறந்த அந்தப் பெண் இப்போது உள்ளே பத்து நாள் பிள்ளையோடு படுத்திருக்கிறாள். நேற்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னா உம் பொண்ணு முழிச்சிகினே கீறாளாமே? சோறு ஜாஸ்தி போட்டுட்டியா?" என்று சிரித்தாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். யார்மேல் கோபம் என்று கேட்டால், வரிசையில் முதல் ஆள் நான்தான். பக்கத்து வீட்டுக்காரி எனக்குப் பின்னால் நிற்கட்டும்.

அப்போது எனக்குத் தோல் பதனிடும் மண்டியில் மயிர் சுரண்டும் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின ஆட்டுத் தோலைக் கட்டைமேல் போட்டு, மழுங்கின கத்தியால் மயிரை வழித்துத் தள்ளவேண்டும். கழுவி உலர்த்தின மயிரில் ஒரு கைப்பிடி வீட்டுக்குக் கொண்டுபோனேன், பிள்ளையின் தலைக்கு மெத்தென்று வைக்கலாம் என்று. என் பெண்டாட்டி அதில் ஒரு கொத்தைப் பிய்த்துப் பிள்ளையின் மூக்குக்கு எதிரே பிடித்தாள். மயிர் அசைந்தது. மூச்சு வருகிறது. கையை இறக்கினாள். நான் ஒரு பீடி பற்ற வைப்பதற்குள் மறுபடியும் பிடித்தாள்.

அன்றிலிருந்து நாள் முழுக்க அதுதான். எதிரே வைத்த சோறு ஆறிப்போகும். பிள்ளை அயர்ந்து தூங்கினால் பயந்து எழுப்பிவிடுவாள். அது அழுதால்தான் இவளுக்கு மூச்சு வரும். என் அம்மா கேட்டாலும் பிள்ளையைத் தரமாட்டாள். என்னைத் தொடவே விடவில்லை.

"உன் கையில சுண்ணாம்பு கீது," என்றாள்.

"மூணு வாட்டி கழுவிட்டேன்."

"நகத்துல கீது. புள்ள வாயில போனா செத்துடும்."

"அப்போ நான் ஏன் இன்னும் சாவல? தெனம் இந்தக் கையாலதான துன்றேன்?"

நல்ல பதில் கொடுத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அவள் அழுதாள். நான் வெளியே போய் பீடி குடித்தேன்.

என் அம்மாவுக்கு ஒரே பேச்சு. "நான் ஏழு பெத்தேன். இடுப்புல ஒண்ண வெச்சிகினு களையெடுத்தேன். இவ ஒண்ணு பெத்துட்டு இன்னா ஆட்டம் ஆடறா." ஏழில் மிஞ்சினது நாங்கள் மூன்று பேர். மற்ற நாலும் போனபோது அவள் எப்படி இருந்தாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பாளோ என்னவோ.

அம்மா திமிரி ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டி வந்தாள். காத்து கருப்பு என்றான் அவன். வேப்பிலைக் கொத்தால் முகத்திலும் தோளிலும் அடித்து, "யாரு நீ, எங்கேர்ந்து வந்த?" என்று கேட்டான். இவள் "புள்ள மூச்சு உடுதா பாருங்க" என்று அவனிடமே கெஞ்சினாள். பச்சை உடம்புக்காரியை ஒருத்தன் அடிக்கிறான், கட்டினவன் நான் அவள் திமிறாதபடி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்தப் பூசாரி எதிரே வந்தால் அவன் வேப்பிலையை அவனுக்கே மூன்று வேளையும் ஊட்டுவேன். செத்து வருஷமாயிற்று, தப்பித்தான். பிடித்துக்கொண்டு நின்றவன்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.

அதைவிடக் கேவலமான காரியத்தை மண்டியில் செய்தேன். அங்கே நான்தான் கோமாளி. சாப்பாட்டு வேளையில் துண்டை முந்தானை மாதிரிப் போட்டுக்கொண்டு, கண்ணை உருட்டி, ஒரு கொத்து மயிரை எடுத்துத் தூங்குகிறவன் மூக்கெதிரே பிடித்தேன். "மூச்சு வருதா சொல்லுங்க, மூச்சு வருதா சொல்லுங்க." அவன் தும்மிக்கொண்டு எழுந்தான். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்குப் புரை ஏறியது. மறுநாள் அவர்களே கேட்டார்கள், "மச்சான், அந்த மூச்சு ஆட்டத்த காட்டு." பத்து நாள் காட்டினேன்.

பதினாறாம் நாள் மத்தியானம் அவளே மண்டிக்குள் வந்து நின்றாள். தலை விரிந்து கிடந்தது. தோளில் பிள்ளை, கையில் அந்த மயிர்க் கொத்து. அவள் கை நடுங்கினதில் மயிரும் ஆடியது. மயிரை ஆட்டுவது மூச்சா கையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என் கை ஆடுது. யாராச்சும் புடிச்சிப் பாருங்க. மூச்சு வருதா சொல்லுங்க."

மண்டியே சிரித்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கொத்தைப் பார்த்ததும், அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிக்கவேண்டும் என்று நான்தான் பழக்கி வைத்திருந்தேன். ஒருத்தன், "மச்சான், நீ செய்றதவிட தங்கச்சி நல்லா செய்யுதே" என்றான். அவள் என்னைத் திட்டவில்லை. "நீயாச்சும் பாரேன்" என்று கொத்தை என்னிடம் நீட்டினாள்.

சிரிக்காதவர் மேஸ்திரி ஒருத்தர்தான். வேலையில் எங்களை வறுத்தெடுக்கும் சாயபு. எல்லாரையும் அதட்டி அடக்கிவிட்டு வந்து, பிள்ளையின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"மூச்சு நல்லா வருதும்மா. புள்ள சுகமா கீது. நீ எப்போ தூங்கின?"

அவள் யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"பயமா கீது பாய். புள்ளயோட கெணத்துல எறங்கிட்டா இந்த பயம் போய்டும்னு தோணுது."

மேஸ்திரி என்னைத் தனியே இழுத்தார். "என் தங்கச்சியும் இப்டித்தான்டா பயந்தா. நாங்கல்லாம் பேஜாரு புடிச்சவன்னு திட்டினோம். அவ எறங்கியே போய்ட்டா. கெணறுன்னு வாயத் தொறந்தப்புறம் ஒரு நிமிஷம் தனியா உடாத. வேலூர்ல டாக்டரம்மா கீறாங்க. இப்பவே ரயிலேறு."

"கட்டையில தோல் கெடக்குது பாய்."

"தோல் எங்கயும் போவாது. ஓடு."

காட்பாடி வரை ரயில், அங்கிருந்து ஜட்கா வண்டி. வழியெல்லாம் அவள் பிள்ளையைப் பிடித்திருந்தாள், நான் அவள் முந்தானையைப் பிடித்திருந்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. யாரு நீ, எங்கேர்ந்து வந்த என்றும் மிரட்டவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எதை நினைத்துப் பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கிணற்றைப் பற்றியும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தன நாளா இப்டி?"

"பதினாறு நாளாம்மா."

"நீங்க எப்ப கவனிச்சீங்க?"

"மொத நாளே. நடிச்சே காட்டியிருக்கேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இது பேயும் இல்ல, திமிரும் இல்ல. நோவு. கொஞ்சம் பயம் எல்லா தாய்க்கும் வரும். புள்ள தூங்கும்போதுகூட தாய்க்கு தூக்கம் வரலன்னா, சோறு எறங்கலன்னா, உடனே கூட்டிகினு வரணும். சாவப் பத்திப் பேசற வரைக்கும் காத்திருக்கக் கூடாது" என்றார். கொஞ்ச நாள் அங்கேயே வைத்துக்கொண்டார். அனுப்பும்போது எனக்கு மூன்று கட்டளை போட்டார். ஒன்று, அவளைத் தனியாக விடக்கூடாது. இரண்டு, அடிக்கிறவனும் சிரிக்கிறவனும் வாசப்படி ஏறக்கூடாது. இதில் நானும் சேர்த்தி. மூன்றாவதுதான் பெரிசு, அது என்னவென்றால், அவள் கண்ணை மூடினபிறகு பிள்ளை சிணுங்கினால்...

"இந்தா, இன்னா கிறுக்கிகினு கீற?" உள்ளேயிருந்து என் பெண்டாட்டிதான் கூப்பிடுகிறாள். "பொண்ணு இப்பதான் கண்ண மூடினா. புள்ள சிணுங்குது, வந்து வாங்கு."

"ரெண்டு வரி கீது, முடிச்சிட்டு வர்றேன்."

"அவ முழிச்சிகினாதான் வருவியா? எழுந்து வா. நகத்த நல்லா கழுவிகினு வா."