செல்வி காய்ச்சிய உப்பு

போன வாரம் கள்ளக்குறிச்சியில் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளப் போயிருந்தேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள். கிண்ணத்தில் சாயத்தைக் கலக்கியதும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எரிகிறதா என்று பார்லர் பெண் பதறினாள். நெடியால் மட்டும் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

படிப்பு முடிந்த கையோடு ஒரு சர்க்கரை ஆலையின் லேபில் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவள் செல்வி. கல்வராயன் மலைக்காரி, என்னைப் போலவே கெமிஸ்ட்ரி படித்தவள். கரும்புச் சாற்றைத் தெளிய வைக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அது மிஞ்சினால் சாறு காய்ச்சும் குழாய்களில் கல்லாகப் படியும். மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க அம்மோனியம் ஆக்சலேட் வேண்டும். ஸ்டோரில் எப்போது கேட்டாலும் இருக்காது, நாங்களே செய்துகொள்வோம். ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, லிட்மஸ் தாள் நீலமாகும்வரை செல்வி அம்மோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். வீராங்கனையான நான் ஜன்னலோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். ஆறியதும் ஊசி ஊசியாக, நிறமில்லாமல் உப்பு இறங்கும். அத்தனை நெடிக்குப் பிறகும் அதற்கு வாசனையே கிடையாது. பார்க்கக் கற்கண்டு மாதிரி, வயிற்றுக்குள் போனால் விஷம். அதனால் செல்வி பாட்டிலில் ஒரு மண்டையோடு வரைந்து ஒட்டினாள். அது சிரிக்கிற மாதிரி வந்துவிட்டது.

ஒருநாள் அந்த உப்பைக் கரைத்து விட்டதும் சாறு பால்போல வெளுத்தது. மறுநாளும் அப்படியே. சுண்ணாம்பு அதிகம் என்று செல்வி இரண்டு நாளும் சீஃப் கெமிஸ்ட்டிடம் போய்ச் சொன்னாள். உன் உப்புதான் சரியில்லை என்று அவர் திருப்பி அனுப்பினார்.

சீசன் நடுவில் குழாய்கள் அடைத்து ஆலை நின்றது. வாசலில் டிராக்டர் டிராக்டராகக் கரும்பு காய்ந்தது. விவசாயிகள் மேனேஜரைச் சூழ்ந்துகொண்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது சீஃப், லேபில் செய்த உப்பு மோசம், சுண்ணாம்பைக் காட்டவே இல்லை என்றார். மலையிலிருந்து வந்தவளை நம்பி விட்டது தப்பு என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ரெண்டு தபா சொன்னேனே சார்," என்றாள் செல்வி.

நான் அதே பாட்டில் உப்பைக் கரைத்து எடுத்துவந்து, மேனேஜர் கண்ணெதிரே சுண்ணாம்புத் தண்ணீரில் விட்டுக் காட்டினேன். உடனே வெளுத்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போய் வேலயப் பாரும்மா."

அன்று சாயங்காலமே செல்வியை அனுப்பிவிட்டார்கள். சீஃப் அங்கேயே இருந்து, ஆளுயர மாலையோடு ஓய்வு பெற்றார்.

பல வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சாமை மூட்டையோடு செல்வியைப் பார்த்தேன். ஒரு மகள் இருக்கிறாள் என்றாள், என்ன படிக்கிறாள் என்று கேட்டேன்.

"காலேஜுல கெமிஸ்ட்ரிதான் எடுப்பேன்னு அழுதுக்கினு இருந்தா. நான்தான் வேணாம்னுட்டேன்," என்றாள். மகள் திருப்பூரில் பனியன் தைக்கிறாளாம்.

இப்போது அந்த லேபை இடித்து சைக்கிள் ஷெட் போட்டிருக்கிறார்கள். இடிக்கும்வரைக்கும், செல்விக்குப் பிறகு மலையிலிருந்து ஒரு பெண்கூட அங்கே வெள்ளைக் கோட்டு போடவில்லை.