பூஜ்ஜியம் காட்டிய மீட்டர்

என் அண்ணன் ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் ஷெட்டில் வேலை செய்கிறான். கழிவுநீர்த் தொட்டியில் தோல் துணுக்கும் முடியும் சேர்ந்து பம்ப் அடைத்துக்கொண்டால், ஏணி வைத்து உள்ளே இறங்குவது அவன்தான். அந்தத் தொட்டியில் சேரும் வாயு ஆளைக் கொல்லும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதன்பிறகு விழுந்தவனைத் தூக்க இறங்குபவனும் விழுவான். இந்த வேலையை விடு என்று சண்டை போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நான் வாணியம்பாடியில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். அந்த ஷெட்டிலிருந்தே தொட்டிக்கு வாயு மீட்டர் வைக்கும் வேலை எங்களுக்கு வந்தபோது, யாரும் வாய் திறக்கும் முன் நான் வாங்கிக்கொண்டேன். தொட்டி வாயில் இருக்கும் மீட்டர், வாயு எவ்வளவு என்று நிமிடத்துக்கு ஒரு எண்ணை வெப் சர்வருக்கு அனுப்பும். சர்வருக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் பார்த்து, தொட்டிக்கு மேலே உள்ள விளக்கைப் பச்சையாகவோ சிவப்பாகவோ எரிய வைக்கும். பச்சை என்றால் இறங்கலாம். சிவப்பென்றால் கூடவே சைரனும் அலறும். ஸ்கிரிப்ட் என்னுடையது.

என் மேசையில் சர்வரும் கிடையாது, மீட்டரும் கிடையாது. அதனால் எல்லாவற்றுக்கும் போலி செய்தேன். போலி மீட்டர், போலி விளக்கு. எங்கள் தொழிலில் இதை மாக் என்போம். என்ன சொல்லச் சொல்கிறோமோ அதை மட்டும் சொல்லும். எண் அதிகமானால் சிவப்பு வருகிறதா, மீட்டர் பேசாமல் நின்றுவிட்டால் சிவப்பு வருகிறதா என்று முப்பத்தெட்டு சோதனை எழுதினேன். நல்ல காற்றுக்கு மீட்டர் என்ன எண் அனுப்பும் என்று ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பூஜ்ஜியம் என்று தட்டினேன். முப்பத்தெட்டும் பாஸ். தலைகால் புரியாமல் அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று அப்போது தோன்றவில்லை.

மீட்டர் வைத்து மூன்றாம் வாரம், ஒரு காலை, நேரில் பார்க்கப் போனேன். மேஸ்திரி பாய் தன் அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் தொட்டி. மூடியைத் திறந்திருந்தார்கள். அண்ணன் ஏணியை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தான். விளக்கு பச்சை.

நாற்றம் என் கண்ணைக் கரித்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாயின் கம்ப்யூட்டர் திரையில் மீட்டரின் எண்களைப் பார்த்தேன். பூஜ்ஜியம். பூஜ்ஜியம். பூஜ்ஜியம். காலையிலிருந்து அதே. முதல் வாரம் முழுக்க இந்த எண்களை நான் கவனித்திருக்கிறேன். மூடி போட்டிருக்கும்போதே இரண்டு, மூன்றுக்குக் கீழே இறங்கியதில்லை. தோல் ஷெட்டுக்குள் ஏது பூஜ்ஜியம்? அந்த எண் என் போலி மீட்டர் பேசுகிற எண்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"அண்ணா, எறங்காத!"

தோல் பதப்படுத்தும் டிரம்கள் சுற்றுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடினேன். செருப்பு வழுக்கியது, உதறிவிட்டு ஓடினேன். அதற்குள் அவன் இடுப்பளவு உள்ளே போயிருந்தான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். பித்தான் தெறித்தது.

"இன்னாடி, பைத்தியமா? பச்சைதான எரியுது? பச்சைன்னா எறங்குன்னு நீதான சொன்ன?"

"மேல வா. மொதல்ல மேல வாண்ணா."

என் முகத்தைப் பார்த்து ஏறிவிட்டான். பின்னாலேயே வந்த பாய் குனிந்து மீட்டரைப் பார்த்தார். அதைச் சுற்றிப் பாலிதீன் கவர், வாயில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டு. மீட்டர் அந்தக் கவருக்குள் அடைபட்ட காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தது; அதிலிருந்த கொஞ்ச வாயுவும் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

"யாருய்யா இத கட்டினது?" என்று பாய் கத்தினார்.

"நான்தான் பாய், காலைல," என்றான் அண்ணன். "சுண்ணாம்புத் தண்ணி தெறிக்குது. பாப்பா அவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சது, பேஜாராயிடப் போவுதுன்னு..."

பாய் கயிற்றை அறுத்தார். ஒரு நிமிடம் காத்திருந்தோம். மூன்று பேரும் விளக்கையே பார்த்தோம். சிவப்பு வந்தது, கூடவே சைரனும். அண்ணன் தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அவனைத் திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

பாய் அறையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். நல்ல காற்று என்று நான் எழுதியிருந்த பூஜ்ஜியங்களையெல்லாம் அழித்து இரண்டு, மூன்று என்று போட்டேன். முப்பத்தொன்பதாவது சோதனை: போலி மீட்டர் விடாமல் பூஜ்ஜியம் அனுப்புகிறது, விளக்கு சிவப்பாக வேண்டும். ஓட்டினேன். விளக்கு பச்சையாகவே வந்தது, சோதனை தோற்றது. பிறகு ஸ்கிரிப்டைத் திருத்தினேன், பாஸ் ஆனது.

அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப பச்சை வந்தா நம்பலாமா?"

"எறங்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு," என்றேன்.

இன்றுவரை போடுகிறான். "பாப்பா, பச்சை. நம்பர் மூணு. கவர் இல்ல. எறங்கறேன்," என்று வைத்துவிடுவான். மேலே ஏறி வந்து மறுபடியும் கூப்பிடும் வரை எனக்கு ஒரு வரி புரோகிராம் எழுத ஓடாது.