தானாக நின்று தானாக ஓடிய மோட்டார்

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் யாராவது ரிட்டையர் ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு யோகம்தான். வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறவர்கள், லாரியில் இடமில்லாத சாமான்களை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு வீட்டுக்குக் கேரம் போர்டு கிடைக்கும், இன்னொரு வீட்டுக்குக் குரோட்டன்ஸ் தொட்டிகள் கிடைக்கும். எதிர்வீட்டு மாமா திருநெல்வேலிக்குக் கிளம்பியபோது எனக்குக் கிடைத்தது மீன் தொட்டி. அவர் எனக்குச் சொந்த மாமா இல்லை. நெய்வேலியில் எதிர்வீட்டில் யார் குடியிருந்தாலும் மாமாதான்.

"ஏ பிள்ள, இத நீயே வச்சுக்க. மோட்டாரு மட்டும் லேசா சத்தம் போடும். வேற ஒண்ணும் கிடையாது" என்றார்.

வேறு ஒன்றும் கிடையாதாம். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தொட்டியின் ஒரு மூலையில் ஒழுகலை அடைக்க ஏற்கெனவே எம்-சீல் அப்பியிருந்தது. மூடி உடைந்துபோயிருந்ததால் என் பரீட்சை அட்டையை வைத்து மூடினேன். லைட் தட்டினால்தான் எரியும். பில்டருக்குள் இருந்த பஞ்சு, தொட்டவுடன் பொடிப்பொடியாகக் கையோடு வந்துவிட்டது. காற்றுக் குழாய் விறைத்துப்போய்க் கிடந்ததை வெந்நீரில் முக்கி முக்கி மோட்டாரில் செருகினோம். ஒரு ஹீட்டர்கூட இருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் நெய்வேலியில் மீனுக்கு எதற்கு ஹீட்டர் என்று அப்பா ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பரண்மேல் போட்டுவிட்டார்.

மோட்டார் சோப்பு டப்பா அளவுதான். ஆனால் போட்டால், ஒன்றும் போடாமல் மிக்சியை ஓட்டுவதுபோல வீடு முழுக்கக் கேட்கும். பழைய துண்டை மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் வைத்தேன். மோட்டார் துண்டைக் கேட்டுக்கொண்டா சத்தம் போடும்? அதுபாட்டுக்குப் போட்டது. ஆனாலும் குழாய் வழியாகக் குமிழ் குமிழாகக் காற்று கிளம்பி வந்ததைப் பார்த்தபோது எனக்கு உலகமே என் காலடியில் கிடப்பதுபோல இருந்தது. மெயின் பஜாரில் கோல்டு பிஷ் வாங்கி, பாலிதீன் கவரை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் வண்டியில் வந்தேன். அதில் ஒன்றுக்கு மட்டும் வால் வெள்ளையாக இருந்தது. அது எனக்கு உயிர்.

அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில், வெட்டிய கரியைச் சுமந்துகொண்டு ஓயாத இரைச்சலோடு ஓடுகிற கன்வேயர் பெல்ட் செக்ஷனில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் பகல் முழுக்க ஊரடங்குதான். அப்பா காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகு அம்மா குக்கர் வைக்க மாட்டாள். மிக்சி கிடையாது, டிவி கிடையாது. பாத்திரத்தைக்கூடத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போய்த்தான் துலக்குவாள். காலிங்பெல் வயரைக் கழற்றிவிடுவாள். தெருவில் பந்து விளையாடுகிற பையன்களிடம் வாயில் விரலை வைத்துக் காட்டினால் போதும், அவர்களே அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு நைட் ஷிப்ட் அப்பா இருப்பாரே. நான் வாய்விட்டுச் சிரித்தால் கண்ணாலேயே எரித்துவிடுவாள். "நைட்டெல்லாம் கண்ணு முழிச்சிட்டு வந்து தூங்கிகினு இருக்காரு, தெரியுதில்ல?" என்பது அந்த வாரத்து மந்திரம்.

தொட்டிக்குப் பேய் பிடித்ததும் அந்த வாரங்களில்தான்.

மற்ற ஷிப்டுகளில் அது பரம சாதுவாக இருக்கும். நைட் ஷிப்ட் வந்ததோ இல்லையோ, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தொட்டியைச் சுற்றித் தரை ஈரமாக இருக்கும். தண்ணீர் மட்டம் குறைந்திருக்கும். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு மீன் மல்லாந்து கிடக்கும். கண்ணாடிதான் ஒழுகுகிறது என்று நான் எம்-சீலுக்கு மேல் எம்-சீல் வைத்தேன். அந்த மூலை சின்னக் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கிப்போனதே தவிர, தரை ஈரம் நிற்கவில்லை.

அம்மாவைக் கேட்டால், "அந்த ஓட்ட மோட்டாரு நிறுத்தி இருந்தாக்கூட தானா ஓடுதுடி. அதுங்கிட்ட ஏதோ கோளாறு இருக்குது" என்றாள்.

அப்பாவைக் கேட்டேன். "ஓடிகினே இருக்கிறது தானா நின்னு போவுது பாப்பா. நானே பாத்தேன்" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. ஒரே மோட்டார் எப்படித் தானாக ஓடும், தானாக நிற்கும்? இரண்டு பேருமே பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. ரேடியோ ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மதியம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, "நல்லாத்தானே ஓடுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். நைட் ஷிப்டில் அப்பாவின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற கரித்தூள்தான் காரணம். குளிக்காமல் தொட்டிப் பக்கமே வரக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பாவம், அவரும் தலையை ஆட்டிவிட்டு, கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அதற்குப் பிறகும் மீன் செத்தது. கடைசியில் வெள்ளை வால் மட்டும்தான் மிச்சம். அதுவும் போய்விட்டால் தொட்டியைத் தூக்கி யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

அடுத்த நைட் ஷிப்ட் வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் போகாமல் கூடத்தில், தொட்டிக்கு நேராகப் பாயில் படுத்திருந்தேன். உள் அறையில் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அம்மா பூனைமாதிரி வந்தாள். சுவிட்சு 'டிக்' என்று கேட்டுவிடக் கூடாதே என்று முந்தானையால் அதைப் பொத்தி, மெல்ல அணைத்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அடிப்பாவி அம்மா என்று மனசு பதறியது. குமிழ் நின்றுபோனது. குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பின்னால் இறங்கி, மோட்டாரில் வந்து, துண்டை நனைத்துத் தரையில் பரவியது. வெள்ளை வால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஐயோ, அம்மா என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் நைட் ஷிப்ட் வாரத்தில் கத்தலாமா? எழுந்து போய்ப் போடலாம் என்றால், அம்மா அணைத்ததை நான் எப்படிப் போடுவது? வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அப்போது உள் அறைக் கதவு திறந்தது. அப்பா லுங்கியைப் பிடித்துக்கொண்டு அவசரமாக வெளியே வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. வாசல் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகுதான் தொட்டியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். மோட்டார் துப்பித் துப்பி மறுபடி இரைய ஆரம்பித்தது. அப்பா உள்ளே போகவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. பகலில் அப்பா குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை.

தோட்டத்திலிருந்து வந்த அம்மா இதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். இத்தனை சத்தத்தில் மனுசன் எப்படித் தூங்குவார் என்று இரக்கப்பட்டுத்தான் மறுபடி அணைத்திருப்பாள். அணைத்த அந்த நொடியே அப்பா கண்ணைத் திறந்துகொண்டு பாதி எழுந்துவிட்டார்.

"பெல்ட் நின்னுடுச்சா?"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னாங்க பெல்ட்டு? வூட்லதான் இருக்கீங்க" என்றாள்.

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிரித்தார். "நைட்டு ஷிப்ட் வந்தாலே இப்டித்தான். காதுக்குள்ள பெல்ட் ஓடிகினே இருக்கும். பெல்ட் நின்னா ஏதோ ஆயிடுச்சின்னு அர்த்தம், எல்லாரும் ஓடுவோம். இங்கயும் சத்தம் அடங்கிட்டா தூக்கிவாரிப் போடுது. இந்த மோட்டாரு வந்ததுல இருந்துதான் கொஞ்சம் கண்ணசந்துகினு இருந்தேன்."

"அப்போ இதுக்கு முன்னாடி? இத்தினி வருசமா?"

"சும்மா கண்ண மூடிகினு படுத்துகினு இருப்பேன்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நான் தூங்கணும்னு புள்ளையக்கூட சிரிக்க வுடாம நீ வூட்ட சத்தமில்லாம காப்பாத்திகினு இருக்கே. அத எப்டி சொல்றது?"

அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா சுவரோரமாகவே மறுபடி தூங்கிப்போனார். வெள்ளை வால் மெல்லக் கீழே இறங்கிக் குமிழுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மாவைத் தேடிக்கொண்டு போனேன். அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். செத்துப்போன மீன்களுக்காகத்தான் அழுகிறாள் என்று எனக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது. பின்னாலிருந்து கட்டிக்கொண்டு சொன்னேன்:

"அழாதம்மா. நீ தெரியாமத்தானே பண்ணே. வேற மீன் வாங்கிக்கலாம்."